சொட்டும் இடம் வேறு, காயம் வேறு

பழைய காடி நிற்கும் வீட்டை அடையாளம் காண்பது சுலபம். போர்ச் சிமெண்டில், எஞ்சினுக்கு நேர் கீழே, மேகி மீ பெட்டியைப் பிரித்துப் போட்ட அட்டை ஒன்று கிடக்கும். அட்டையின் நடுவில் கருப்பாக ஒரு வட்டம் இருக்கும். கேட்டால், "பழைய காடின்னா அப்படித்தான், லேசா லீக் ஆகும்" என்பார் வீட்டுக்காரர். அட்டை ஊறிப்போனால் புது அட்டை. எண்ணெய் குறைந்தால் கடையில் ஒரு போத்தல் மினியாக் ஹீத்தாம். பேராக்கில் இப்படி ஆண்டுக்கணக்கில் ஓடும் காடிகள் ஏராளம்.

எங்கள் வீட்டிலும் ஒரு புரோட்டோன் வீரா இருக்கிறது. 1996-இல் செய்தது, 1.5 லிட்டர் எஞ்சின். அப்பா 2008-இல், தம் 55-ஆவது வயதில், ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் இரண்டாம் கையாக வாங்கினார். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர் அவர். லயத்து வீட்டை விட்டு வெளியேறி, தாமானில் வாடகை வீடு பிடித்த பிறகு வாங்கிய முதல் நான்கு சக்கர வண்டி அது. மலாய் மொழியில் 'வீரா' என்றால் வீரன். அப்பா அதை இன்றும் 'வீரன்' என்றுதான் சொல்வார்.

இப்போது அப்பாவுக்கு வயது 72. அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று முறை ஈப்போவில் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். போக 30 கிலோமீட்டர், வர 30 கிலோமீட்டர். வாரத்துக்கு 180 கிலோமீட்டர். அந்த நேரத்தில் எங்கள் பக்கம் வாடகை வண்டி கிடைப்பது அரிது. நான் ஈப்போவில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வேலை நாளில் வாரம் மூன்று காலை என்னால் விடுப்பு எடுக்க முடியாது. ஆகவே வீரன் ஓடியாக வேண்டும்.

சென்ற ஆண்டு மத்தியில் கசிவு அதிகமானது. மாதம் ஒரு லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தது. முதலில் கவனித்தவர் அம்மாதான். சிம்மோரைத் தாண்டி ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது, "என்னமோ தீயிற வாடை வருதுங்க" என்றிருக்கிறார். கசியும் எண்ணெய் சூடான புகைக்குழாயில் விழுந்தால் அந்த வாடை வரும். அந்தப் புகை ஏர்கோண்ட் வழியாக உள்ளேயும் வரும். அளவு கூடினால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு.

அருகிலிருந்த ஒரு பட்டறையில் காட்டினோம். காடியைத் தூக்கிப் பார்த்தார்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. "பின்பக்க கிரேங்க் சீல் போச்சு. கியர்பாக்ஸை இறக்கணும். எல்லாம் சேர்த்து 1,200 வெள்ளி. இந்தக் காடிக்கு அவ்வளவு செலவு செய்யணுமான்னு யோசிச்சுக்குங்க" என்றார்கள்.

யோசித்தோம். 1,200 வெள்ளி சின்னத் தொகை இல்லை. புதுக் காடி வாங்கலாமா என்றும் பேசினோம். மாதத் தவணை தாங்கும் அளவில் இருக்க வேண்டுமானால் ஒன்பது ஆண்டுக் கடன் எடுக்க வேண்டும். என் பெயரில் எடுக்கலாம் என்றேன். அப்பா விரல் விட்டு எண்ணினார். "கடன் முடியுறப்போ எனக்கு 81 வயசு. அதுவரைக்கும் நீ கட்டணும். கல்யாணச் செலவுக்கு எதை வைப்பே?" என்றார். பிறகு, "சொட்டுற இடத்தைத்தான் பார்த்தாங்க. எங்கிருந்து வருதுன்னு யாரும் பார்க்கலை" என்று முணுமுணுத்தார்.

பால் வெட்டியவருக்கு அது தெரியும். ரப்பர் மரத்தில் வெட்டு இடது மேலிருந்து வலது கீழாகச் சரிந்து இறங்கும். பால் அந்தச் சரிவில் ஓடி, அடியில் செருகிய தகரத் துண்டு வழியாக மங்கில் விழும். மங்கு இருக்குமிடம் ஒன்று, மரத்தில் காயம் பட்ட இடம் வேறொன்று. மழை பெய்து பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்டை விட்டு வழி மாறி, மரத்தைச் சுற்றி எங்கெங்கோ இறங்கிவிடும். அன்றைக்குப் பால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க மேலே நிமிர்ந்துதான் பார்க்க வேண்டும்.

எஞ்சினிலும் இதே கதைதான். எண்ணெய் கீழ் நோக்கி வழியும். காடி ஓடும்போது முன்னாலிருந்து அடிக்கும் காற்று அதைப் பின்பக்கம் தள்ளும். ஏற்கனவே படிந்திருக்கும் அழுக்கும் பிசுக்கும் அதைத் திசை திருப்பும். மேலே வால்வு மூடியில் கசிந்த எண்ணெய், ஓர் அடி தள்ளிக் கீழே கியர்பாக்ஸ் ஓரத்தில் வந்து சொட்டும். சொட்டும் இடத்தை மட்டும் பார்த்துப் பழுதைச் சொன்னால் பணம் வீணாகும் ஆபத்து அதிகம்.

புந்தோங்கில் சிறிய பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் எங்கள் தோட்டத்துக்காரர். அப்பாவை மாமா என்று அழைப்பார். அவரிடம் கொண்டுபோனோம். அவர் உடனே காடியைத் தூக்கவில்லை. "மாமா, முதல்ல குளிப்பாட்டணும். அழுக்கோட எதையும் கண்டுபிடிக்க முடியாது" என்றார். எஞ்சின் ஆறிய பிறகு டிஸ்டிரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், காற்று உறிஞ்சும் வாய் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையால் கட்டினார். பிசுக்கு நீக்கும் திரவத்தைத் தெளித்துக் கால் மணி நேரம் ஊறவிட்டு, மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, காற்றடித்துக் காயவைத்தார். இருபது ஆண்டு அழுக்கு போனதும் உலோகம் வெள்ளையாகத் தெரிந்தது.

அடுத்து, சந்தேகமான இணைப்புகளின் மேல் முகப் பவுடரைத் தூவினார். குழந்தைகளுக்குப் போடும் சாதாரணப் பவுடர்தான். "தங்கச்சி, இருபது நிமிஷம் ஓட்டிட்டு வா" என்று சாவியைத் தந்தார். மேடான் கிட் பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தேன். பானெட்டைத் திறந்து கைவிளக்கு அடித்தார். உலர்ந்த இடத்தில் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. கசிந்த இடத்தில் பழுப்புக் கோடு விழுந்திருந்தது. கோடு எங்கே தொடங்குகிறது என்று மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்தோம். பவுடர் பிடிக்காத இடுக்குகளுக்கு வேறு வழி உண்டு. எண்ணெயில் ஒளிரும் சாயம் சில மில்லிலிட்டர் கலந்து ஓட்டி, புற ஊதா விளக்கில் பார்த்தால் கசிவு பச்சை மஞ்சளாக மின்னும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

முதல் கோடு வால்வு மூடியின் பின் மூலையில் தொடங்கியது. இரண்டாவது கோடுதான் முக்கியமானது. இந்த எஞ்சின் மிட்சுபிஷியின் 4ஜி15 வகை. இதில் டிஸ்டிரிபியூட்டர், கேம்ஷாஃப்ட்டின் ஒரு முனையில், கியர்பாக்ஸ் பக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கும். அது எஞ்சின் தலையில் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. ஓ-ரிங் என்பார்கள். அந்த வளையம் இறுகிப்போனால் எண்ணெய் நேராக இறங்கி, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டும். கீழிருந்து பார்ப்பவருக்குக் கிரேங்க் சீல் போய்விட்டது போலவே தெரியும். வீரா வைத்திருப்பவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

அண்ணன் பழைய வளையத்தைக் கழற்றி அப்பா கையில் வைத்தார். வட்டமாக இருக்க வேண்டியது தட்டையாகி, வளைத்தால் முறிந்துவிடும் அளவுக்குக் கெட்டியாகியிருந்தது. அப்பா நகத்தால் அழுத்திப் பார்த்தார். "இது ரப்பரே இல்லையே, பிளாஸ்டிக் மாதிரி இருக்கு" என்றார்.

அவர் சொன்னதில் பாதி சரி. அது நாம் வெட்டிய ரப்பர் இல்லை. மரத்துப் பாலில் செய்த ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிக் கொழகொழத்துவிடும். வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். பொட்டலம் கட்டும் ரப்பர் பேண்டு ஒன்றை எஞ்சின் எண்ணெயில் சில நாள் ஊறப் போட்டு, ஊறாத இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாங்களும் செய்தோம். ஊறியது தடித்து நீண்டு, இழுத்ததும் அறுந்தது. அதனால்தான் எஞ்சினுக்குச் செயற்கை ரப்பர். எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் 1930களில் ஜெர்மனியில் உருவானது. அதிகச் சூடு படும் இடங்களுக்குச் சிலிகோனும் புளோரின் கலந்த ரப்பரும் வந்தன. மலேசியாவும் சும்மா இருக்கவில்லை. மரத்துப் பாலையே இரசாயன முறையில் மாற்றி, எண்ணெயைத் தாங்கும் எபாக்சி இயற்கை ரப்பரை இங்குள்ள ஆய்வாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள்.

1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் ஒன்பதைப் பேராக் ரெசிடென்ட் ஹியூ லோ கோலாகங்சாரில் நட்டார். அவற்றில் ஒன்று அங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்னும் நிற்கிறது. எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. அந்த மரத்தின் வழித்தோன்றல்களை வெட்டி வாழ்ந்த அப்பாவுக்கு, தம் காடியை நிறுத்தப் பார்த்தது ஒரு ரப்பர் வளையம் என்பதும், அது மரத்தில் காய்க்காத ரப்பர் என்பதும் வேடிக்கையாக இருந்தது. வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

எந்த ரப்பரானாலும் வயது ஏறும். எஞ்சின் சூடாவதும் ஆறுவதுமாக ஆயிரக்கணக்கான முறை நடந்தபின் சீல் இறுகும், சுருங்கும், பிளக்கும். 28 ஆண்டு ஓடிய காடியில் அது நடப்பது செய்தவர் குற்றமும் இல்லை, ஓட்டியவர் குற்றமும் இல்லை. ஆனால் எல்லாச் சீல்களும் வயதால் மட்டும் போவதில்லை. அண்ணன் எங்களுக்குக் கற்றுத்தந்த முக்கியமான பாடம் இதுதான்.

எஞ்சினில் எரியும் வாயுவில் சிறிதளவு, பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கும். அதை வெளியேற்றி மறுபடி எரிய அனுப்ப பிசிவி வால்வு என்ற சின்ன உறுப்பு உண்டு. விரல் நீளம்தான் இருக்கும். அது பிசுக்கில் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடும். அழுத்தம் எங்கே பலவீனமான சீல் இருக்கிறதோ அங்கே எண்ணெயைப் பிதுக்கித் தள்ளும். அதைச் சரிசெய்யாமல் புது சீல் போட்டால் சில மாதத்தில் அதுவும் கசியும், அல்லது வேறொன்று கசியத் தொடங்கும். வால்வைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பார்த்தால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். எங்களுடையது ஊமையாக இருந்தது.

வால்வு மூடியின் கேஸ்கெட்டை மாற்றும்போதும் ஒன்று சொன்னார். கசிகிறது என்று பலர் போல்ட்டைப் பலம்கொண்ட மட்டும் முறுக்குகிறார்கள். கெட்டியான கேஸ்கெட் அதனால் பிளக்கும், மூடியும் வளையும். புதியதைப் போட்டு, நடுவிலிருந்து ஓரமாக, குறுக்கும் நெடுக்குமாக, சிறிது சிறிதாகச் சமமாக இறுக்கினால் போதும். சிலிகோன் பசையை அள்ளிப் பூசுவதும் ஆபத்து. உள்பக்கம் பிதுங்கும் பசை உடைந்து எண்ணெயில் விழுந்தால், எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். கசிவை நிறுத்தப் போனவர் எஞ்சினையே நிறுத்திவிடுவார்.

கடைகளில் கசிவை நிறுத்தும் திரவம் விற்கிறார்கள். அதில் உள்ள இரசாயனம் பழைய சீலைக் கொஞ்சம் ஊதவைத்து மென்மையாக்கும். லேசான கசிவுக்குச் சில காலம் உதவலாம். பிளந்துபோன சீலை அது ஒட்டவைக்காது. கெட்டியான எண்ணெய் ஊற்றுவதும் அப்படித்தான். சொட்டு குறையலாம், ஆனால் விடியற்காலை எஞ்சினை முடுக்கும்போது மேல் பாகங்களுக்கு எண்ணெய் போய்ச் சேர நேரமாகும்.

எங்கள் செலவு இது. எஞ்சின் கழுவ 15 வெள்ளி. வால்வு மூடி கேஸ்கெட் 25. ஓ-ரிங் 5. பிசிவி வால்வு 18. எண்ணெயும் ஃபில்டரும் 95. கூலி 60. மொத்தம் 218 வெள்ளி. 1,200 கேட்ட பட்டறை ஏமாற்றியது என்று நான் சொல்ல வரவில்லை. கீழிருந்து பார்த்தால் அது கிரேங்க் சீல் போலத்தான் இருந்தது. கழுவிப் பார்க்க யாரும் நேரம் ஒதுக்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று சொன்னால் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "மேலேயிருந்து வழியலைன்னு கழுவிப் பார்த்தாச்சா?"

எல்லாக் கசிவும் இவ்வளவு மலிவாக முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தால், புகைக்குழாயில் நீலப் புகை வந்தால், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். அப்போது எண்ணெய் கசிவதோடு எரியவும் செய்யும். சீல் மாற்றி அதைத் தீர்க்க முடியாது. எஞ்சினைப் பிரிக்கும் செலவா, வேறு காடியா என்று அப்போதுதான் யோசிக்க வேண்டும்.

எங்கள் வீரனிலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. டைமிங் பெல்ட் பக்கத்தில் முன் கிரேங்க் சீலும் கேம் சீலும் லேசாக வியர்க்கின்றன. அங்கே கசியும் எண்ணெய் பெல்ட்டில் பட்டால் பெல்ட் ஊறிக் கெடும், அறுந்தால் காடி நடுவழியில் நிற்கும். அந்தச் சீல்களை எடுக்கப் பெல்ட்டைக் கழற்றியே ஆக வேண்டும். பெல்ட்டை எப்படியும் 80,000 முதல் 100,000 கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் கூலி ஒன்றுதான். எங்கள் பெல்ட்டுக்கு அடுத்த ஆண்டு தவணை வருகிறது. அதுவரை பெல்ட்டில் எண்ணெய் படுகிறதா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

இன்னொரு விஷயம் எல்லா வயது ஓட்டுநருக்கும். டாஷ்போர்டில் எரியும் சிவப்பு எண்ணெய் விளக்கு, எண்ணெயின் அளவைக் காட்டும் விளக்கு இல்லை. அது அழுத்தத்தைக் காட்டுவது. அது எரியும்போது எஞ்சினுக்குள் எண்ணெய் போவது ஏறக்குறைய நின்றுவிட்டது என்று பொருள். உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். வீட்டுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே என்று ஓட்டினால் எஞ்சின் இறுகிவிடும். அந்த விளக்கை நம்பிக் காத்திருக்காமல், வாரம் ஒருமுறை, சமதரையில், எஞ்சின் ஆறியபின் அளவுக் கம்பியை இழுத்துப் பாருங்கள்.

மாற்றிய பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். தோட்டத்தில் அதை வேலிக்கட்டையில் கரையானுக்குப் பூசுவார்கள். இன்று சட்டப்படி அது அட்டவணைக் கழிவு. ஈப்போவில் கால்வாயில் போவது கிந்தா ஆற்றில்தான் சேரும். போத்தலில் அடைத்து, சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம்.

அப்பா இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். ஞாயிறு தோறும் எண்ணெய் அளவைப் பார்த்துத் தேதி, கிலோமீட்டர், அளவு மூன்றையும் எழுதுகிறார். தோட்டத்தில் கிராணி செக்ரோல் எழுதுவது போல் நேராகக் கோடு போட்டு எழுதுகிறார். மூன்று மாதத்தில் கம்பியில் இரு கோடுகளுக்கு இடையே பாதி அளவு இறங்கியிருக்கிறது, ஏறக்குறைய அரை லிட்டர். முன்பு அது இரண்டு வாரக் கணக்கு. அதே புத்தகத்தின் பின்பக்கத்தில் அம்மாவின் எடையை எழுதுகிறார், டயாலிசிஸுக்கு முன், பின் என்று இரண்டு பத்திகளில். போன வெள்ளி வரை ஒரு நாளும் விடுபடவில்லை.